காலையிலேயே உருட்டி வைத்த பகடை: டிவினேஷன் விஸார்ட் ஆடப் பழகுவோருக்கு

பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் முதன்முறை விஸார்ட் (மந்திரவாதி) எடுப்பவர்களில் பலர் எவோகேஷன் என்ற மந்திரப் பள்ளிக்குத்தான் போவார்கள். நெருப்புக் கோளத்தை எறியலாம், நம் ஆட்கள் மேல் படாமலும் பார்த்துக்கொள்ளலாம். சொன்னவுடன் புரிந்துவிடும். டிவினேஷன் என்றால் மட்டும் ஒரு தயக்கம். "குறி சொல்கிற ஆளா? சண்டை வந்தால் என்ன செய்வார்?" என்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான்.

பிறகு ஒரு நீண்ட ஆட்டத்துக்கு, ஒன்பதாம் லெவலில், டிவினேஷன் விஸார்டை எடுத்தேன். இந்தப் பள்ளிக்காரர் காலையிலேயே இரண்டு பகடை உருட்டி வைத்து, பிறகு யாராவது உருட்டப் போகும்போது அதற்குப் பதிலாக அந்த எண்ணை வைக்கலாம். முதல் நாள் பகடையில் 4, 9 விழுந்தன. 4 நல்ல ஆயுதம் என்று தெரிந்தது. 9-ஐப் பார்த்து உதட்டைப் பிதுக்கினேன். இரண்டையும் கடைசி எதிரிக்கென்று பொத்திப் பொத்தி வைத்தேன். வழியில் ஒரு மலைப் பூதம் எங்கள் கிளெரிக்கை (குழுவின் பூசாரியை) தடியால் அடித்து வீழ்த்தியபோதும் கையை நீட்டவில்லை. கடைசியில் வந்தது ஒரு முதிர்ந்த வெள்ளை டிராகன். பெருமையோடு 4-ஐ நீட்டினேன். ஆட்டத்தை நடத்தும் டிஎம் சிரித்துக்கொண்டே "லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ்" என்றார், அதாவது தோற்றாலும் தப்பித்துக்கொள்ளும் உரிமை. என் 4 காற்றில் போயிற்று. 9-ஐத் தொடவே இல்லை. இரவு தூங்கியதும் அதுவும் போய்விட்டது.

அந்த 9 மட்டுமே போதும், பேனிஷ்மென்ட் மந்திரம் போட்டு மலைப் பூதத்தை ஒரு நிமிடத்துக்கு வேறு உலகத்துக்கே அனுப்பியிருக்கலாம். இந்தப் பள்ளியில் நல்ல எண், கெட்ட எண் என்று எதுவும் கிடையாது. எந்த எண்ணை யார் மேல் இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில், எந்த விதிநூல் என்று கேளுங்கள்

ஐந்தாம் பதிப்பில் இரண்டு விதிநூல்கள் புழக்கத்தில் இருக்கின்றன: 2014இல் வந்தது ஒன்று, 2024இல் திருத்தி வந்தது ஒன்று. 2014 விதிப்படி விஸார்ட் இரண்டாம் லெவலில் தன் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார். 2024இல் மூன்றாம் லெவலில். நான் 2014 விதியை வைத்துச் சொல்லிப் போகிறேன், மாறும் இடங்களில் குறிப்பிடுகிறேன்.

மந்திரங்கள் எட்டுப் பள்ளிகளாகப் பிரிந்திருக்கின்றன: அப்ஜுரேஷன், கஞ்சுரேஷன், டிவினேஷன், என்சான்ட்மென்ட், எவோகேஷன், இல்யூஷன், நெக்ரோமன்சி, டிரான்ஸ்மியூடேஷன். பழைய பதிப்புகளில் ஒரு பள்ளியைத் தேர்ந்தால் வேறு சிலவற்றை அடியோடு விட்டுவிட வேண்டும். 2003இல் வந்த 3.5 பதிப்பில் மற்ற சிறப்பு விஸார்டுகள் இரண்டு பள்ளிகளைத் துறக்க வேண்டியிருந்தது, டிவினேஷன்காரர் ஒன்றைத் துறந்தால் போதும். வடிவமைத்தவர்களே இந்தப் பள்ளியை அப்போது எவ்வளவு இளப்பமாக எடைபோட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஐந்தாம் பதிப்பில் துறப்பது என்ற பேச்சே இல்லை. டிவினேஷன்காரரும் தாராளமாக நெருப்புக் கோளம் எறியலாம். இதைத் தெரியாமல் "குறி மந்திரம் மட்டும்தான் வைத்துக்கொள்ளணுமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பாத்திரத்தின் திறன்களை அமைக்கும்போது இன்டெலிஜென்ஸ் (அறிவு) முதலில், அதற்கடுத்து கான்ஸ்டிடியூஷனும் (உடல் உறுதி) டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு). இதில் மற்ற விஸார்டுகளுக்கும் இவருக்கும் வேறுபாடு இல்லை, கடந்து போகலாம்.

போர்ட்டென்ட்: இந்தப் பள்ளியின் உயிர்

நீண்ட ஓய்வு முடித்து எழுந்ததும் இரண்டு டி20 (இருபது முகப்) பகடைகளை உருட்டிக் குறித்துக்கொள்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் கையிருப்பு அந்த இரண்டு எண்கள்தான். நீங்களோ, உங்கள் கண்ணுக்குத் தெரியும் எந்த உயிரோ ஒரு தாக்குதல் பகடையையோ சேவிங் த்ரோவையோ (மந்திரம் போன்ற கேட்டிலிருந்து தப்ப உருட்டுவது, சுருக்கமாகச் சேவ்) திறன் சோதனையையோ உருட்டப் போகும்போது, அந்தப் பகடைக்குப் பதிலாக உங்கள் எண்ணில் ஒன்றை வைக்கலாம். கூட்டவேண்டிய போனஸ் எப்போதும்போல் கூடும். சேதப் பகடைக்கு இது செல்லாது.

நான்கு கட்டுப்பாடுகள் உண்டு. முதல் மாதம் எல்லோரும் சறுக்குவது இவற்றில்தான்.

உருட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விழுந்த எண்ணைப் பார்த்துவிட்டு "ஐயோ, மாற்றிக்கொள்கிறேன்" என்றால் நடக்காது. சில டிஎம்கள் கண்ணிமைப்பதற்குள் உருட்டிவிடுவார்கள். அதனால் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வையுங்கள்: நான் கையைத் தூக்கினால் ஒரு விநாடி பொறுங்கள் என்று. இது சலுகை கேட்பதாகாது, இந்த விதி நடைமுறையில் ஓட அந்த ஒரு விநாடி வேண்டும்.

அந்த உயிர் கண்ணில் பட வேண்டும். இருட்டிலும் மூடுபனியிலும் உங்கள் கை கட்டப்பட்டதுதான். ஸ்க்ரையிங் மந்திரத்தால் தொலைவில் இருப்பவரைத் தேடும்போது அவர் விஸ்டம் சேவ் உருட்டுவார் அல்லவா, அதற்குக் குறைந்த எண்ணை வைத்துவிடலாம் என்று புதியவர்கள் துள்ளுவார்கள். அந்த நேரத்தில் அவர் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே செல்லாது.

ஒரு டர்னில் ஒரு முறைதான் மாற்றலாம். ஆனால் டர்ன் (ஒருவருடைய முறை) வேறு, ரவுண்டு (எல்லோர் முறையும் சேர்ந்த ஒரு சுற்று) வேறு. உங்கள் டர்னில் ஒன்று, அடுத்து வரும் எதிரியின் டர்னில் மற்றொன்று என்று ஒரே ரவுண்டில் இரண்டையும் செலவழிக்கத் தடையில்லை.

அடுத்த நீண்ட ஓய்வு முடிந்தால் மிச்சம் இருந்தது மறைந்துவிடும். சேர்த்து வைக்க முடியாது.

இன்னொன்று, பகடையே உருட்டப்படாததால் அட்வான்டேஜ் (இரண்டு பகடையில் உயர்ந்ததை எடுப்பது), டிஸ்அட்வான்டேஜ் (குறைந்ததை எடுப்பது) பேச்சுக்கே இடமில்லை. மேஜிக் ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரிகள் மந்திரத்துக்கு எதிராக இரண்டு பகடை உருட்டித் தப்பித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு 3-ஐ வைத்துப் பாருங்கள்.

என் பழக்கம், இரண்டு எண்களையும் இரண்டு அட்டைகளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மேசையில் வைத்துவிடுவது. நான் மறந்தாலும் கூட ஆடுபவர் யாராவது "அந்த 18 சும்மாதானே கிடக்கு?" என்று கேட்பார்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது

கொஞ்சம் கணக்கு. இரண்டு பகடையில் ஒன்றாவது 5-க்குள்ளோ, 16 அல்லது அதற்கு மேலோ விழ 75 விழுக்காடு வாய்ப்பு. நான்கில் மூன்று நாள் கையில் ஒரு கூர்மையான எண் இருக்கும். ஒரு 20 ஆவது விழ 9.75 விழுக்காடு, அதாவது பத்து நாளில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே 8 முதல் 13-க்குள் மாட்டிக்கொள்வது 9 விழுக்காடுதான். "எனக்கு எப்பவும் நடுவாந்திரம்தான் விழுது" என்பவர் பெரும்பாலும் நல்ல நாட்களை மறந்தவராக இருப்பார்.

குறைந்த எண் எதிரிக்கு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு குறைவு என்பது எதிரியைப் பொறுத்தது. மூன்றாம் லெவல், இன்டெலிஜென்ஸ் 16 என்றால் உங்கள் மந்திர டிசி, அதாவது எதிரி தப்ப எட்ட வேண்டிய எண், 13. எதிரில் ஓகர் என்ற முரட்டு அரக்கன். ஓகரின் விஸ்டம் 7, அதாவது −2. ஹிடியஸ் லாஃப்டர் போட்டு 14-ஐ வைத்தால்கூட 12 தான் வரும், விழுந்து புரண்டு சிரிக்கத் தொடங்கிவிடும். ஓகர் முன்னால் 14-ம் குறைந்த எண்தான்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. அந்த ஓகர் தானே உருட்டினாலும் 70 விழுக்காடு தோற்கத்தான் போகிறது. உங்கள் எண் சேர்த்துக்கொடுத்தது மிச்ச 30 விழுக்காடு உறுதியை மட்டும். அதே டிசி 13-க்கு எதிராக +5 சேவ் உள்ள ஒருவர் என்றால் அவர் தானாகத் தோற்க 35 விழுக்காடுதான். அங்கே ஒரு 7 வைத்தால் மொத்தம் 12, தோல்வி உறுதி. 65 விழுக்காட்டை ஒரே அடியில் வாங்கிவிட்டீர்கள். ஆகவே மிகக் குறைந்த எண்களைச் சேவ் பலமாக உள்ளவர்களுக்கு ஒதுக்குங்கள். நடுவாந்திர எண்களை, அங்கே இங்கே தப்பிவிடக் கூடாத நேரத்தில், சேவ் பலவீனமானவர்கள் மேல் இறக்குங்கள்.

எதிரியின் போனஸ் நமக்கு எப்படித் தெரியும்? துல்லியமாகத் தெரியாது, ஊகிக்கலாம். உடம்பை நம்பி வாழும் பெரிய மிருகங்களுக்கு விஸ்டமும் கரிஸ்மாவும் குறைவாக இருப்பது வழக்கம். மந்திரம் போடுபவர்களுக்கு ஸ்ட்ரெங்த் குறைவு. அதே வகை எதிரி ஏற்கெனவே இரண்டு மூன்று சேவ் உருட்டியிருந்தால், எந்தக் கூட்டுத்தொகை தப்பியது, எது தோற்றது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

எந்த மந்திரத்தோடு சேர்ப்பது என்பதும் முக்கியம். ஆளை அசையவிடாமல் கட்டிப்போடும் ஹோல்ட் பெர்சன் நல்ல மந்திரம்தான், ஆனால் மாட்டியவர் தன் டர்ன் முடிவில் ஒவ்வொரு முறையும் மறுபடி சேவ் உருட்டுவார். உங்கள் எண் வாங்கித் தந்தது ஒரு ரவுண்டு மட்டும் ஆகலாம். நான்காம் லெவல் மந்திரங்களான பேனிஷ்மென்ட்டும் உருமாற்றும் பாலிமார்ஃபும் அப்படி இல்லை. முதல் சேவில் தோற்றால் தோற்றதுதான், உங்கள் கான்சென்ட்ரேஷன் (மந்திரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கவனம்) நிற்கும்வரை அல்லது நேரம் முடியும்வரை. (2024 விதியில் பாலிமார்ஃப் உட்படச் சில மந்திரங்களின் வாசகம் மாறியிருக்கிறது, போடும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.) ஹிப்னாடிக் பேட்டர்ன்போல் கூட்டத்தின் மேல் விழும் மந்திரத்தில் உங்கள் எண் ஒரே ஒருவருக்குத்தான் பொருந்தும், அதில் யார் முக்கியமோ அவரைக் கைகாட்டுங்கள்.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உள்ள எதிரிக்குச் சேவில் எண்ணை வீணாக்காதீர்கள். தோற்ற சேவை வென்றதாக மாற்றிக்கொள்ள அதற்கு ஒரு நாளைக்கு மூன்று முறை உரிமை இருப்பது வழக்கம். ஆனால் அந்த உரிமை சேவுக்கு மட்டும்தான். தாக்குதல் பகடைக்கு இல்லை! டிராகன் உயிர் ஊசலாடும் உங்கள் பாலடினை (புனித வீரரை) கடிக்க வாயைத் திறக்கும்போது அந்த 2-ஐ நீட்டுங்கள். 1 என்றால் இன்னும் நல்லது, போனஸ் எவ்வளவு இருந்தாலும் 1 தவறும்.

உயர்ந்த எண்கள். இவற்றைத் தனக்கே வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் விஸார்டுகளுக்கு உண்டு. உங்கள் கையில் 20 இருந்தால் அதற்குச் சரியான இடம் பெரும்பாலும் ரோக்கின் (குழுவின் திருடரின்) அம்பு. 20 விழும் கிரிட்டிகலில் ஸ்னீக் அட்டாக் என்ற கூடுதல் சேதப் பகடைகளும் இரட்டிக்கும். ஐந்தாம் லெவல் ரோக்குக்கு 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடை) ஆக இருந்தது 6டி6 ஆகிவிடும். பாலடின் என்றால் ஸ்மைட்டின் பகடைகளும் இரட்டிக்கும். கீழே விழுந்து டெத் சேவ் உருட்டிக்கொண்டிருக்கும் நண்பருக்கு ஒரு 20 கொடுத்தால் அவர் 1 ஹிட் பாயிண்டோடு எழுந்து நிற்பார். எங்கள் ஆட்டத்தில் மேசையே அதிர்ந்த தருணங்களில் அது ஒன்று. சண்டையில் யார் முறை முதலில் என்று உருட்டும் இனிஷியேட்டிவும் டெக்ஸ்டெரிட்டி சோதனைதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் அடி யாருடையது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும் என்று தோன்றினால் ஒரு 19-ஐ அங்கேயே போடலாம்.

10, 11, 12 போன்ற எண்களுக்கு நான் கண்டுபிடித்த நல்ல இடம் கான்சென்ட்ரேஷன். அடிபட்டால் டிசி 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, எது அதிகமோ அதை எட்ட வேண்டும். சாதாரண அடிக்கு டிசி 10 தான். கான்ஸ்டிடியூஷன் +2 இருந்தால் ஒரு 8 போதும். எதிரணித் தலைவனைப் பேனிஷ்மென்ட்டில் அனுப்பிவைத்திருக்கும் நேரத்தில் அந்தச் சோம்பேறி 8 பொன்னாகத் தெரியும்.

கவுன்டர்ஸ்பெல் பற்றியும் ஒரு வார்த்தை. 2014 விதியில் பெரிய மந்திரத்தைத் தடுக்க நீங்கள் திறன் சோதனை உருட்டுவீர்கள், ஆக உயர்ந்த எண் உதவும். 2024இல் தலைகீழ், மந்திரம் போடும் எதிரி கான்ஸ்டிடியூஷன் சேவ் உருட்டுவார். இப்போது அதே வேலைக்குக் குறைந்த எண் தேவை. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆடுபவர்கள் இங்கே குழம்புவார்கள்.

ஆறாம் லெவல்: செலவழித்தால் திரும்பி வரும்

எக்ஸ்பர்ட் டிவினேஷன் என்ற இந்தத் திறனைப் போர்ட்டென்ட்டின் வெளிச்சத்தில் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் லெவலோ அதற்கு மேலோ உள்ள ஒரு டிவினேஷன் மந்திரத்தை ஸ்லாட் (மந்திரம் போடச் செலவாகும் அன்றைய ஒதுக்கீடு) செலவழித்துப் போட்டால், ஏற்கெனவே தீர்ந்த ஒரு ஸ்லாட் திரும்பி வரும். வருவது நீங்கள் போட்டதைவிடக் குறைந்த லெவலாக இருக்க வேண்டும், ஐந்தாம் லெவலைத் தாண்டக் கூடாது.

டிடெக்ட் தாட்ஸ் போட்டு வாயிற்காவலரின் மனதைப் படித்தால் ஒரு முதல் லெவல் ஸ்லாட் திரும்பும், அது ஒரு ஷீல்டு மந்திரத்துக்கு ஆகும். ஏழாம் லெவலில் ஆர்கேன் ஐ போட்டுக் குகை முழுதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேவு பார்த்தால் மூன்றாம் லெவல் ஸ்லாட் கிடைக்கும். வேவும் ஆயிற்று, நெருப்புக் கோளமும் ஆயிற்று. பெரிய ஸ்லாட்டில் போட்டாலும் கணக்கு அப்படியே: சீ இன்விசிபிலிட்டியை மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் இரண்டாம் லெவல் ஒன்று வரும்.

இங்கே வரிசைதான் சூட்சுமம். தீர்ந்த ஸ்லாட் இருந்தால்தான் திரும்ப வரும். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வேவு மந்திரம் போட்டால் மீட்க எதுவும் இருக்காது. முதலில் சின்ன மந்திரம் ஒன்றைச் செலவழியுங்கள், மேஜ் ஆர்மரைப்போல. சண்டையிலேயே போடக்கூடிய டிவினேஷன் மந்திரம் வேண்டுமென்றால் மைண்ட் ஸ்பைக் இருக்கிறது. இரண்டாம் லெவல், விஸ்டம் சேவ் தோற்றால் 3டி8 சைக்கிக் சேதம், அதோடு ஆள் எங்கே ஓடினாலும் இடம் தெரியும். சேதம் சுமார்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் பாதி விலைக்கு வாங்குகிறீர்கள். ரிச்சுவலாக (நேரம் எடுத்துச் சடங்காக) போட்டால் ஸ்லாட் செலவாகாது, ஆகவே எதுவும் திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மந்திரப் புத்தகத்தில் என்னென்ன

ஒரு மந்திரத்தைப் புத்தகத்தில் படியெடுக்க லெவலுக்கு 50 தங்கக் காசும் 2 மணி நேரமும் ஆகும். டிவினேஷன் மந்திரத்துக்கு உங்களுக்கு அதில் பாதி. 2024இல் இந்தச் சலுகைக்குப் பதிலாக மூன்றாம் லெவலில் இரண்டு டிவினேஷன் மந்திரங்களை இலவசமாகவே தந்துவிடுகிறார்கள்.

முதல் லெவலில் டிடெக்ட் மேஜிக், ஐடென்டிஃபை, காம்ப்ரிஹென்ட் லாங்குவேஜஸ் மூன்றும் ரிச்சுவல்கள். புத்தகத்தில் இருந்தால் போதும், அன்றன்று தயார்செய்யத் தேவையில்லை. ஐடென்டிஃபைக்கு 100 தங்கக் காசு மதிப்புள்ள முத்து ஒன்று வேண்டும், அது தீர்ந்துபோகாது.

பெரிய மந்திரங்களில் நான் கொஞ்சம் நின்று பேச நினைப்பது கான்டாக்ட் அதர் பிளேன். ஐந்தாம் லெவல், ரிச்சுவலாகவும் போடலாம். வேற்றுலக அறிவு ஒன்றோடு தொடர்பு கொண்டு ஐந்து கேள்விகள் கேட்கலாம், பதில் ஒரே சொல்லில் வரும். ஆபத்து என்னவென்றால் முதலில் டிசி 15 இன்டெலிஜென்ஸ் சேவ். தோற்றால் 6டி6 சைக்கிக் சேதம், 2014 விதியில் நீண்ட ஓய்வுவரை சித்தம் கலங்கிக் கிடப்பீர்கள். மற்ற விஸார்டுகள் நகம் கடித்துக்கொண்டு போடும் மந்திரம் இது. உங்கள் கையில் காலையிலேயே ஒரு 14 இருந்தால்? இன்டெலிஜென்ஸ் போனஸைக் கூட்டினால் தோல்விக்கு இடமே இல்லை. அப்படிப்பட்ட நாளில் சண்டையைத் தள்ளிவைத்து, கேள்வி கேட்கும் நாளாக ஆக்கிக்கொள்ளலாம் என்று குழுவிடம் சொல்லுங்கள்.

கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதிவையுங்கள். "நாங்கள் வெல்வோமா?" என்பது வீண் கேள்வி, பதில் எதுவானாலும் நாளைக்கு நீங்கள் செய்யப்போவது மாறாது. "கோட்டைக்குள் நுழையச் சுரங்கவழி இருக்கிறதா?", "படைத்தலைவர் ராணிக்குத் தெரியாமல் எதிரியோடு பேசுகிறாரா?" என்று கேட்டால், ஆம் என்றால் ஒரு திட்டம், இல்லை என்றால் வேறொரு திட்டம். பதில் எதுவந்தாலும் அடுத்த அடி மாறுகிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

அதற்கப்புறம்

பத்தாம் லெவலில் மூன்றாம் கண். இருளில் பார்ப்பது, ஈத்தரியல் உலகைப் பார்ப்பது, எந்த மொழியையும் படிப்பது, மறைந்திருப்பதைக் காண்பது ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். 2014இல் மறைந்ததைக் காண்பது 10 அடிக்குள் மட்டும்தான், கொஞ்சம் கஞ்சத்தனம். 2024இல் அதைப் போனஸ் ஆக்‌ஷனாக்கி, தூரங்களையும் கூட்டியிருக்கிறார்கள். பதினான்காம் லெவலில் இரண்டு பகடை மூன்றாகும். கூர்மையான எண் ஒன்றாவது விழும் வாய்ப்பு 75-இலிருந்து 87.5 விழுக்காட்டுக்கு ஏறும்.

கடைசியாக ஒரு சின்னப் பழக்கம். குழுவில் யாராவது "இன்றைக்குப் போதும், கூடாரம் போடலாம்" என்று வாயெடுத்ததும் உங்கள் அட்டைகளைப் பாருங்கள். 17 ஒன்று மிச்சம் இருக்கிறதா? காலையில் திறக்க முடியாமல் போன பெட்டி ஒன்று மூட்டையில் கிடக்குமே, அதை ரோக்கின் கையில் கொடுத்து, தூங்கும் முன் ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்லுங்கள்.